பூனையின் பசியும் பொறியாளன் கணக்கும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்தக் கல்லூரியில் இயற்பியல் படித்து, பிறகு பொறியியல் முடித்து, இன்று கிரேன்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் வேலையில் இருப்பவன் நான். "வேலை வாய்ப்பைப் பத்திப் பேசு தம்பி" என்றுதான் செயலாளர் அண்ணன் சொன்னார். அதைப் பேசுவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் மேடையிலேயே இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டேன். வீட்டுப் பூனை ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் எவ்வளவு நேரம் தாங்கும்? சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். காரணத்தைக் கேட்டால் சிரிக்க மாட்டீர்கள்.

மகா சிவராத்திரி வந்தால் நம் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்குப் பெட்டி கிளம்பிவிட்டால் தெருவே காலி. பூட்டிய வீட்டுக்குள் மிச்சம் இருப்பது இரண்டே பேர்தான். குலுக்கைக்கு அடியில் எலி, அடுப்படியில் பூனை.

என் சின்னம்மா வீட்டுப் பூனை நல்ல கொழுகொழுவென்று இருக்கும். மூன்று நாளைக்கு என்று ஒரு சட்டி நிறையப் பால்சோறு வைத்துவிட்டுக் குலசாமி கும்பிடப் போனார்கள். நம்ம ஊர் வெயிலில் பால்சோறு எத்தனை நேரம் தாங்கும்? திரும்பி வந்தபோது சட்டி வைத்தது வைத்தபடி புளித்துக் கிடந்தது. பூனை கட்டிலுக்கு அடியில் கிடந்தது. மீன் வாங்கி வைத்தார்கள், தொடவில்லை. "கோவத்துல இருக்கு, பசிச்சாத் தன்னால திங்கும்" என்றார்கள் தெருவில். இரண்டு நாள் கழித்துக் காதின் உட்புறம் மஞ்சளாகத் தெரிந்தது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கல்லீரல் முழுக்கக் கொழுப்பு ஏறிவிட்டது என்றார் மருத்துவர். நான்கு நாள் போராடினார். பிழைக்கவில்லை. "யாரும் எனக்குச் சொல்லலையேப்பா, நீயாச்சும் நாலு பேருக்குச் சொல்லு" என்றார் சின்னம்மா. இங்கே நானூறு பேர் இருக்கிறீர்கள். சொல்கிறேன்.

முதலில் என் தொழிலிலிருந்து ஒரு கணக்கு. ஐந்து டன் எடையில் அறுந்துபோகும் இரும்பு வடத்தில் ஒரு டன்னுக்கு மேல் தூக்க நாங்கள் விடமாட்டோம். அறுகிற எடை வேறு, தூக்குகிற எடை வேறு. பூனை விஷயத்தில் நாம் கேட்பது எப்போதும் அறுகிற எடையைத்தான். "ஒரு வாரம் சோறு இல்லாமக் கெடந்து உசுரோட வந்துச்சு" என்று பெருமையாகச் சொல்கிறோம். உயிரோடு இருந்தது சரி, உள்ளே என்ன ஆனது?

நாம் விரதம் இருக்கிறோம். நாள் ஆக ஆக நம் உடம்பு புரதத்தைச் சிக்கனமாக எரித்து, சேர்த்து வைத்த கொழுப்பை எடுத்துச் செலவழிக்கும். பூனையின் உடம்பு அப்படிப் பழகியதல்ல. அது மாமிசம் தின்றே வாழப் பிறந்தது. அதன் கல்லீரல் புரதத்தை எரிக்கும் உலை. தீனி வராத நாளிலும் அந்த உலை நம்முடையதைப்போலத் தணியாது. சாப்பாடு நின்றால் உடம்பில் இருக்கும் கொழுப்பு கல்லீரலுக்கு வந்து குவியும். அதை வெளியே அனுப்பும் வேகம் பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது. இரண்டு மூன்று நாளிலேயே இது ஆரம்பித்துவிடலாம். அதிலும் கொழுத்த பூனைக்குத்தான் ஆபத்து அதிகம். "நல்லாத் தின்னு கொழுத்திருக்கு, நாலு நாள் தாங்கும்" என்பது நேர் எதிரான கணக்கு. கல்லீரல் கெட்டபின் பூனைக்குக் குமட்டல் வந்துவிடுகிறது. பசித்தாலும் தின்னாது. அதனால்தான் "பசிச்சாத் திங்கும்" என்ற பேச்சு நாய்க்குப் பொருந்தினாலும் பூனைக்குப் பொருந்தாது.

அப்படியானால் சௌகரியமான இடைவெளி எவ்வளவு? நான்கு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி வேண்டும். ஒரு சுண்டெலியில் ஏறத்தாழ 30 கலோரி. ஆக நாளுக்கு ஏழெட்டு எலி. இயற்கையில் பூனை சிறுகச் சிறுகப் பல வேளை தின்கிற பிராணி. வீட்டில் காலையும் மாலையும் இரண்டு வேளை வைத்தால், வளர்ந்த நல்ல பூனை நடுவில் 12 மணி நேரம் சுகமாக இருக்கும். நாலு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு நாலு மணிக்கு ஒரு தடவை, மிஞ்சினால் ஆறு மணிக்கு ஒரு தடவை வைக்க வேண்டும்.

ஒரு வேளை மட்டும் வைக்கலாமா என்று கேட்பீர்கள். கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் எட்டுப் பூனைகளை வைத்துச் செய்த ஆய்வு 2020-ல் வெளிவந்தது. ஒரே அளவு தீனியை மூன்று வாரம் ஒரு வேளையாகவும், மூன்று வாரம் நான்கு வேளையாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே வேளையாகத் தின்றபோது வயிறு நிறைந்ததைக் காட்டும் சுரப்புகள் அதிகமாக இருந்தன. நான்கு வேளை தின்றபோது ஓடியாடியது அதிகம். ஆகவே வயிறு நிறைய ஒரு வேளை தின்ற நல்ல பூனைக்கு ஒரு நாள் இடைவெளி கொடுமை அல்ல. ஆனால் வைத்த தீனியைத் தொடாமல் ஒரு நாள் கடந்தால் அது எச்சரிக்கை மணி. குட்டிக்கு அரை நாளே போதும்.

நேரத்தோடு பண்டத்தையும் பார்க்க வேண்டும். பால்சோறு வைத்தால் பூனை சாப்பிட்டது என்று கணக்கில் எழுதிக்கொள்கிறோம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் பூனையின் விழித்திரை கெடும் என்று 1975-லும், இதயம் வீங்கி நலியும் என்று 1987-லும் கண்டுபிடித்தார்கள். அது மாமிசத்திலும் மீனிலும் இருக்கிறது. சோற்றில் இல்லை. நம்ம வீட்டுக் கணக்குக்கு உப்புப் போடாமல் வேகவைத்த மீனோ கோழியோ, வெந்த தண்ணீரோடு சேர்த்து வையுங்கள். குழம்புச் சோறு வேண்டாம், வெங்காயம் பூனைக்கு விஷம். கருவாட்டில் உப்பு அதிகம்.

இன்னொரு நம்பிக்கை, "பட்டினி போட்டாத்தான் எலி பிடிக்கும்" என்பது. 1976-ல் ஆடமெக் என்பவர் சோதித்துப் பார்த்தார். பிடித்த உணவைத் தின்றுகொண்டிருந்த பூனை, எலி எதிரே வந்ததும் தீனியை விட்டு எழுந்து எலியைக் கொன்றுவிட்டு, மறுபடி வந்து தின்றது. வேட்டை அதன் பிறவிக் குணம். பசித்தால் வேகம் கூடலாம், ஆனால் வேட்டையாடப் பட்டினி தேவையில்லை. பட்டினி போட்ட பூனை பக்கத்து வீட்டு மீன் சட்டிக்குத்தான் முதலில் போகும்!

ஊருக்குப் போகும்போது என்ன செய்யலாம்? ஒரு ராத்திரி என்றால் உலர்தீனியும் இரண்டு மூன்று கிண்ணங்களில் தண்ணீரும் போதும். அதற்கு மேல் என்றால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். நேரம் வைத்தால் தீனி கொட்டும் இயந்திரம் இப்போது கிடைக்கிறது. பொறியாளன் என்ற முறையில் அதை நான் குறை சொல்லக் கூடாது. ஆனால் கரண்ட் போனாலும் ஓடும் பேட்டரி உள்ளதா என்று பாருங்கள். இயந்திரம் தீனியைக் கொட்டும். பூனை தின்றதா, காது மஞ்சளாகிறதா, எச்சில் வடிகிறதா என்று பார்க்க ஒரு மனிதக் கண்தான் வேண்டும். தின்னாத பூனைக்கு வாயைப் பிளந்து பால் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தக்க நேரத்தில் போனால் குழாய் வழியாக ஊட்டியே பல பூனைகளைக் காப்பாற்றிவிடுகிறார்கள். தேனியிலும் இப்போது அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போடக் கூச்சப்படாத நாம், பூனையைத் தூக்கிக்கொண்டு போக மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த மாசிக்கு உங்கள் தெருவில் எந்தெந்த வீடு பூட்டப் போகிறது, எந்த வீட்டில் பூனை இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், ஒரு கிண்ணம் மீன், ஒரு கிண்ணம் தண்ணீர். அது தின்று முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.