எஞ்சினை மாற்றும் முன் ஒரு கணக்கு

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"உபதேசம் எல்லாம் வேண்டாம்ப்பா, தொழிலில் பார்த்த ஏதாவது ஒன்றைச் சொல்லு" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே எஞ்சினைப் பற்றியே பேசுகிறேன்.

நான் வேலை பார்ப்பது அமெரிக்காவில், இந்தியானா மாநிலத்தில். அங்கே விவசாயி, தச்சர், கொத்தனார் எல்லோருக்கும் பிக்கப் டிரக்தான் கை கால். வெறும் வண்டியே சுமார் இரண்டு டன். 1980-களில் வந்த பெரிய பிக்கப்புகள் பலவற்றில் 5 லிட்டருக்கு மேற்பட்ட எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கொடுத்தால் அதுவே பெரிய விஷயம்.

என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தச்சர். அப்படி ஒரு பழைய வண்டி வைத்திருக்கிறார். 8,000 டாலர் சேர்த்து வைத்துக்கொண்டு ஒருநாள் வந்தார். "நீ எஞ்சின்காரன், சொல்லு. டீசல் போட்டுவிடலாமா?" என்றார். அவர் மனதில் இருந்தது கம்மின்ஸ் 4பிடி. 3.9 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ, 105 குதிரைத்திறன். ரொட்டி, சிப்ஸ் ஏற்றிச் செல்லும் வேன்களில் ஓடிய எஞ்சின். வேன் பழைய இரும்புக்குப் போன பிறகும் எஞ்சின் மட்டும் விலை போகும்.

இந்த ஆசை புதிதல்ல. அதே இந்தியானாவின் கொலம்பஸ் ஊர்க்காரர் கிளெஸ்ஸி கம்மின்ஸ், 1929-இல் ஒரு பழைய பாக்கார்டு காரில் தம் டீசல் எஞ்சினைப் பொருத்தினார். பங்குச் சந்தை சரிந்த நேரம். கம்பெனி மூழ்கும் நிலை. கிறிஸ்துமஸ் அன்று, பணம் போட்டிருந்த டபிள்யூ.ஜி. இர்வினை அதில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினார். 1930 ஜனவரியில் இண்டியானாபொலிஸிலிருந்து நியூயார்க் வரை சுமார் 1,275 கிலோமீட்டர் ஓட்டினார். எரிபொருள் செலவு 1 டாலர் 38 சென்ட்! கம்பெனி பிழைத்தது.

டீசலுக்கு இந்தச் சிக்கனம் எங்கிருந்து வருகிறது? மாணவர்களுக்குத் தெரிந்ததுதான். பெட்ரோல் எஞ்சினில் காற்று போகும் வழியை த்ராட்டில் அடைத்துத்தான் வேகத்தைக் குறைக்கிறோம். மணிக்கு 95 கிலோமீட்டரில் சமதரையில் போக அந்த வண்டிக்குச் சுமார் 35 குதிரைத்திறன் போதும். பெரிய எஞ்சின் பாதி மூடிய மூக்கோடு மூச்சு வாங்குகிறது. அதிலேயே எரிபொருள் வீணாகிறது. டீசலில் அந்த அடைப்பு இல்லை. அமுக்க விகிதமும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மூன்றாவதாக, ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடச் சுமார் 13 சதவீதம் அதிக ஆற்றல் இருக்கிறது. ஆக, மைலேஜில் கூடுவது முழுவதும் எஞ்சினின் சாமர்த்தியம் இல்லை.

இனி தச்சர் கணக்கு. அவர் ஓட்டுவது வருடத்துக்கு 16,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 5 என்றால் 3,200 லிட்டர். டீசல் போட்டு 8 கிடைத்தால் 2,000 லிட்டர். மிச்சம் 1,200 லிட்டர். "ஆஹா!" என்றார். பொறுங்கள். நம் ஊரில் டீசல் மலிவு என்றே பழகிவிட்டோம். அமெரிக்காவில் பெரும்பாலும் டீசல்தான் விலை கூடுதல். மத்திய அரசு வரியே காலனுக்குப் பெட்ரோலுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட். கணக்குக்காகப் பெட்ரோல் லிட்டர் 80 சென்ட், டீசல் 1 டாலர் என்று வையுங்கள். செலவு 2,560 டாலரிலிருந்து 2,000 ஆகும். மிச்சம் 560. போட்ட 8,000 டாலர் திரும்பி வர 14 வருடத்துக்கு மேல் ஆகும். அதே வண்டி வருடத்துக்கு 60,000 கிலோமீட்டர் ஓடினால் மிச்சம் 2,100. நாலே வருடத்துக்குள் முதல் திரும்பிவிடும்.

இன்னொன்று. எஞ்சினைத் தொடாமல் 5-ஐ 6 ஆக்கினால்? 533 லிட்டர் மிச்சம், அதாவது 427 டாலர். மோசமான மைலேஜில் ஒரு கிலோமீட்டர் கூடுவதுதான் பெரிய லாபம். 8-ஐ 10 ஆக்கினால்கூட 400 லிட்டர்தான் மிஞ்சும்.

பணத்தைத் தாண்டியும் விஷயம் உண்டு. அந்த டீசல் எஞ்சின் சுமார் 340 கிலோ. முன் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். அவர் வண்டியில் டாப் கியர் நேரடி. பின் ஆக்சில் விகிதம் 3.73. 95 கிலோமீட்டரில் எஞ்சின் 2,500 சுற்றைத் தாண்டிவிடும். 4பிடி-யின் இழுவிசை உச்சம் 1,600 பக்கத்தில். ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ் இல்லாமல் மைலேஜ் கிடைக்காது. எல்லாவற்றையும்விட முக்கியம் பிரேக். பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தைப் பெட்ரோல் எஞ்சின் தானே தருகிறது. த்ராட்டில் இல்லாத டீசல் தராது. தனியாக வேக்கம் பம்ப் வைக்காவிட்டால் இரண்டு டன் வண்டியைக் காலால்தான் அமுக்கி நிறுத்த வேண்டும். புகைச் சட்டமும் இருக்கிறது. கனரக வண்டிக்கென்று சான்று பெற்ற பழைய எஞ்சினை லேசுரக வண்டியில் மாட்டினால் சிக்கல்.

கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு வந்து, "ஓவர்டிரைவ் மட்டும் மாற்றுகிறேன், 110-இல் போவதை 90-க்குக் குறைக்கிறேன்" என்றார். அந்த வேக வித்தியாசத்தில் காற்றின் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறையும். மீதிப் பணத்தில் பட்டறைக்கு ஒரு நல்ல ரம்பம் வாங்கினார்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்களிடமும் யாராவது தம் சேமிப்போடு வந்து நிற்பார்கள். "முடியுமா?" என்றுதான் கேட்பார்கள். முடியும் என்று சொல்ல ஒரு நல்ல மெக்கானிக் போதும். வருடத்துக்கு எவ்வளவு ஓட்டுகிறீர்கள், எந்த விலையில் எண்ணெய் போடுகிறீர்கள், பிரேக்குக்கு என்ன வழி என்று திருப்பிக் கேட்பதற்குத்தான் நம்மைப் படிக்க வைத்தார்கள். கேளுங்கள்.