பள்ளிக்கூடத்தில் அரைப்பேர்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் பகுதிப் பெரிய பாடசாலைகளில் படிக்கும் மாணாக்கரிடையே நன்னடத்தையும் வாசிப்பும் வளர வேண்டும். பாடசாலைக் காரியங்களில் அவர்கள் தாமாக முன்வர வேண்டும். அதற்கு வழி என்ன என்று பேசும்படி நம்மைப் பணித்திருக்கிறார்கள். மூன்று பொருள் போலத் தோன்றினாலும் ஆராய்ந்து பார்த்தால் எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்றே நமக்குப் படுகிறது. அந்த வேரைத் தோட்டத்துச் சொல் ஒன்றைக் கொண்டே காட்டலாம்.

லயத்தில் பிறந்தவர்களுக்குப் ‘பேர்’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பட்டணத்து அன்பர்களும் இங்கே அமர்ந்திருப்பதால் ஒரு வார்த்தை. விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் ஆட்களைக் கணக்கெடுத்து மலைக்கு அனுப்புவார்கள். பிறகு கொழுந்தை நிறுத்துப் பார்ப்பார்கள். குறித்த அளவு இருந்தால் செக்றோலில் ஒரு பேர்; குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாட் கூலி. மழை பெய்ததா, மலையில் கொழுந்து இருந்ததா, கைப்பிள்ளைக்குக் காய்ச்சலா என்றெல்லாம் அந்தப் புத்தகம் கேட்பதில்லை. தாய்மார்களே, இந்தக் கணக்கை நீங்கள் நம்மைவிட நன்றாக அறிவீர்கள். இதே கணக்கு நம்மோடு பள்ளிக்கூடத்துக்கும் நடந்து வந்துவிட்டது என்பதே நாம் சொல்ல வந்த குறை.

பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கங்களிலிருந்து பட்டணத்துக்குப் படிக்க வரும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். இருட்டோடு எழுந்து, மண் பாதையில் இறங்கி, பஸ்ஸுக்கு நிற்கிறது. பஸ் நிறைந்து வந்து நிற்காமற் போனால் முதற்பாடம் போயிற்று. வாயிலில் கொப்பியோடு நிற்கும் மாணவத் தலைவனுக்கு அந்தப் பிள்ளை பிந்தி வந்தவன், அவ்வளவுதான். எத்தனை மைல் கடந்து வந்தான் என்று எழுத அந்தக் கொப்பியில் கட்டம் இல்லை. வந்ததற்கு ஒரு சொல் இல்லாமல் பிந்தியதற்கு மட்டும் ஒரு வரி எழுதினால், அது அரைப்பேர் அன்றி வேறென்ன?

இதைச் சிறு விஷயம் என்று நினைக்கலாகாது. இந்த நாட்டில் இலவசக் கல்வி 1945 இல் வந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் மட்டும் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே விடப்பட்டன. 1977 முதற்கொண்டே அவை படிப்படியாக அரசாங்கத்தின் வசம் வந்தன. அதுவரை பெரும்பாலான தோட்டங்களில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், மிஞ்சினால் ஐந்தாம் வகுப்பு. ஆகவே இன்று உயர்தரம் படிக்கும் பிள்ளையின் வீட்டில், பெரிய பாடசாலை எப்படி நடக்கும் என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லாதிருப்பது வியப்பன்று. அந்தப் பிள்ளை ஒரு நாள் வாயிலிலிருந்தே திரும்பினால், கொழும்புக் கடையொன்றில் வேலைக்குச் சேர்த்துவிட மறுநாளே தரகர் வந்து நிற்பார். பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வீதியில் 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வாயிலைக் கடந்துதான் நம் பிள்ளைகளின் பஸ் தினமும் போய் வருகிறது. உள்ளே போகிறவர் எத்தனை பேர் என்று நாம் கேட்க வேண்டாமா?

“அடியாத மாடு படியாது” என்று பெரியவர்கள் சிலர் இப்போது மனத்துக்குள் சொல்லிக்கொள்வது நமக்குக் கேட்கிறது. அந்தப் பழமொழி மாட்டைப் பற்றியது. பாடசாலையில் பிள்ளைகளை அடிக்கலாகாது என்று கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையில் தெளிவாகவே சொல்லிற்று. ஆசிரியர் அறைந்ததால் ஒரு மாணவனின் காது பழுதான வழக்கில், அவனுடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதாக 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை விட்டுவிடுவோம். பிரம்புக்கு அடங்கும் பிள்ளை பிரம்பு இருக்கும் இடத்தில் அடங்கும். கங்காணி திரும்பியதும் நிரையில் என்ன நடக்கும் என்பது நாம் அறியாததா?

அப்படியானால் பிள்ளை தானாக முன்வருவது எப்படி? இதற்கு மேல்நாடு வரை போகவேண்டியதில்லை. மாசி மாதத்தில் நம் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கிறதே, அதைப் பாருங்கள். வகுப்பில் கேள்வி கேட்டால் தலை கவிழ்ந்து நிற்கும் பையன் அங்கே ரதி வேடமிட்டு, விடிய விடியப் பாடி, ஊரே கண்ணீர் விடும்படி ஆடுகிறான். நூற்றுக்கணக்கான அடிகள் அவனுக்கு மனப்பாடம். எவரும் அவனைப் பிரம்பால் அடித்துக் கற்பிக்கவில்லை. அவன் இல்லாவிட்டால் கூத்து நடவாது என்று ஊர் நம்பியது. அந்த நம்பிக்கைக்கு அவன் ஈடுகொடுத்தான். வேடம் கட்டாதவனுக்கும் அங்கே வேலை உண்டு. தப்பைக் காய்ச்சுபவன் ஒருவன், விளக்குப் பிடிப்பவன் ஒருவன், வீடு வீடாய்ப் போய்க் காசு சேர்ப்பவன் ஒருவன்.

பாடசாலையில் நடப்பது வேறு. தமிழ்மொழித் தினப் போட்டி வந்தால் நாவன்மையுள்ள நான்கு பிள்ளைகளே பேச்சுக்கும் போகிறார்கள், பாட்டுக்கும் போகிறார்கள், நாடகத்துக்கும் போகிறார்கள். பாடசாலைக்குக் கேடயம் வருகிறது. மற்ற நானூறு பிள்ளைகள் கைதட்டக் கற்றுக்கொள்கிறார்கள். கேடயம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாணவத் தலைவர் பதவியும் மேடைப் பொறுப்பும் நூலகப் பொறுப்பும் தவணைக்குத் தவணை கைமாற வேண்டும். பிந்தி வருகிறவன் கையில் ஒரு தவணை அந்த வாயிற்கொப்பியைக் கொடுத்துப் பார்க்கலாம். யாரிடம் என்ன கேட்டு எழுத வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

இனி வாசிப்பு. ஒக்டோபர் மாதத்தைத் தேசிய வாசிப்பு மாதம் என்று கொண்டாடுகிறோம். பதாகை கட்டுகிறோம், கண்காட்சி வைக்கிறோம். நவம்பர் பிறந்ததும் அலுமாரிக்குப் பூட்டு! புத்தகம் கிழிந்துபோகும் என்று காரணம் வேறு. சரஸ்வதி பூசைக்காகப் புத்தகத்தைத் தொடாமல் வைப்பது ஒரு நாள் வழக்கம். சில பாடசாலைகளில் ஆண்டு முழுவதும் பூசைதான்.

அதிகப் புத்தகம் படித்தவருக்குப் பரிசு என்று அறிவிப்பதும் இப்போது பெருகி வருகிறது. நல்ல எண்ணந்தான். ஆயினும் ஒன்று சொல்வோம். நிறையை மட்டும் பார்த்தால் கூடையில் முற்றின இலையும் வந்து சேரும். எண்ணிக்கைக்குப் பரிசு கொடுத்தால் பிள்ளை மெல்லிய புத்தகமாய்ப் பொறுக்கும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்துப் பாலர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் அறிஞர்கள் செய்து 1973 இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. சித்திரம் வரைவதில் பிரியமுள்ள குழந்தைகளில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் அந்தக் குழந்தைகளுக்கு வரைவதில் இருந்த ஆசை குறைந்திருந்தது. சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்ற குழந்தைகளிடம் அந்தக் குறைவு காணப்படவில்லை. புத்தகத்தைத் தொடவே அஞ்சும் பிள்ளைக்கு முதற்படியில் ஒரு சிறு பரிசு உதவலாம், அதை மறுக்கவில்லை. அதற்குமேல் அந்தப் பிள்ளை படித்ததைச் சொல்ல, நாலு பேர் உட்கார்ந்து கேட்பதே பெரிய பரிசு.

முன்னாளில் லயத்துத் திண்ணையில் நடந்ததும் அதுவே. எழுத்தறிந்த ஒருவர் மண்ணெண்ணெய் விளக்கடியில் பெரிய எழுத்து நல்லதங்காள் கதையையோ விக்கிரமாதித்தன் கதையையோ உரக்கப் படிக்க, எழுத்தறியாத இருபது பேர் கேட்டிருப்பார்கள். வாசிப்பு என்பது அன்று ஒரு லயத்தின் பொதுச்சொத்து. இன்று எழுத்தறிந்தவர் வீடுதோறும் உண்டு. கேட்க உட்காரும் திண்ணைதான் காலியாயிற்று.

படித்தால் என்ன வரும் என்று கேட்பவர்களுக்கு நம் ஊவாவிலேயே சான்று உண்டு. 1934 இல் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ஜோசப். தெளிவத்தை என்னும் தோட்டத்தின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே சூட்டிக்கொண்டார். லயத்து வாழ்வைச் சொல்லும் ‘காலங்கள் சாவதில்லை’ என்னும் அவரது நாவல் 1974 இல் வெளிவந்தது. தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது 2013 இல் அவரைத் தேடி வந்தது. 2022 இல் அவர் மறைந்தார். ஒரு தோட்டத்தின் பெயர் தமிழ் படிக்கும் நாடெங்கும் தெரிந்தது அந்தப் பேனாவினால் அல்லவா? அவர் புத்தகம் நம் பிள்ளைகளின் பாடசாலை அலுமாரியில் இருக்கிறதா என்று, அடுத்த பெற்றார் கூட்டத்தில் பெரியோர்கள் ஒரு வார்த்தை கேட்டு வாருங்கள்.

கடைசியாக மன்றத்து இளைஞர்களுக்கு. நம் முன்னோர் புறப்பட்டு வந்த சீமைகளில் ஒன்று தஞ்சாவூர். அங்கே மன்னார்குடிப் பக்கத்தில் 1931 இல் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். நமக்கு வண்டி வேண்டாம். நாற்பது புத்தகம் கொள்ளும் தகரப் பெட்டி மூன்று போதும். மாதம் ஒருமுறை தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றுவோம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் கோயில் மண்டபத்திலோ பிள்ளைக் காம்பராவிலோ திறப்போம். பெரிய வகுப்புப் பிள்ளை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். பாட்டிமார் உட்கார்ந்து கேட்க வேண்டும். இடாப்பில் படித்தவர் பெயரோடு கேட்டவர் பெயரும் எழுதப்படும். எல்லோருக்கும் முழுப்பேர்தான். பெட்டிகளுக்குப் பணம் ஓரளவு சேர்ந்திருப்பதாகச் செயலாளர் சொன்னார். ஹாலிஎலப் பக்கத்துக்கும் தெமோதரைப் பக்கத்துக்கும் பொறுப்பேற்க இருவர் முன்வந்திருக்கிறார்கள். பசறைப் பக்கத்துப் பெட்டிக்கு இன்னும் ஆள் வேண்டும். இந்தக் கூட்டம் கலையுமுன் பெயர் கொடுங்கள்.