கம்பி கழற்றிய பிறகு



கல்யாணத் தேதி குறித்த பிறகுதான் பலர் கண்ணாடி முன் நின்று பல்லை உற்றுப் பார்க்கிறார்கள். பதினாறு வயதில் கம்பி போட்டு வரிசையாக்கிய பல்தான். இருபத்தெட்டு வயதில் பார்த்தால் கீழ்வரிசையில் ஒன்று முன்னே தள்ளி நிற்கிறது, பக்கத்துப் பல் அதன்மேல் ஏறியிருக்கிறது. “அன்றைக்குக் கட்டிய ஆயிரக்கணக்கான வெள்ளி வீணா?” என்று அம்மா கேட்கிறார். உடனே கம்பி போட்ட டாக்டர்மீது பழி விழும். அவர் தப்பினால் ஞானப்பல் மாட்டிக்கொள்ளும். பெரும்பாலும் இருவருமே குற்றவாளிகள் அல்லர்.

பல் எலும்போடு ஒட்டி வளர்ந்தது அல்ல. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்கள் இருக்கின்றன. கம்பி இழுக்கும்போது ஒரு பக்கத்து எலும்பு கரைகிறது, மறுபக்கம் புதிதாக வளர்கிறது. கம்பியைக் கழற்றியதும் வேரைச் சுற்றியுள்ள நார்கள் புது இடத்துக்குப் பழக மூன்று, நான்கு மாதம் பிடிக்கும். ஈறில் இருக்கும் நார்கள் பிடிவாதக்காரர்கள். ஏறக்குறைய ஒரு வருடம் வரை பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் பல்லைப் புது இடத்திலேயே பிடித்துவைக்கும் ரிட்டெய்னரைக் கொடுக்கிறார்கள்.

சரி, ஒரு வருடம் ஒழுங்காகப் போட்டாயிற்று, பத்து வருடம் கழித்து ஏன் நகர்கிறது? அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ராபர்ட் லிட்டில் என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். கடைவாய்க்கு முன்னுள்ள பற்களைப் பிடுங்கிக் கம்பி போட்ட 65 பேரை, ரிட்டெய்னரை நிறுத்திக் குறைந்தது பத்து ஆண்டுக்குப் பிறகு பார்த்து, 1981-இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கீழ் முன்பற்கள் மறுபடி நெருக்கியிருந்தன. 1988-இல் வந்த அடுத்த ஆய்வில், இருபது ஆண்டு தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் வரிசை திருப்தியாக இருந்தது. கம்பியே போடாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்கத்தான் செய்யும். முடி நரைப்பதைப் போல அது உடம்பின் இயல்பு. ஆகவே இன்றைய டாக்டர்கள் சொல்வது ஒன்றுதான்: வரிசை எத்தனை காலம் வேண்டுமோ, அத்தனை காலம் இரவில் ரிட்டெய்னர் போடுங்கள். இதை முதல் நாளே அழுத்திச் சொல்லாத கிளினிக்குகள்மீது எனக்குக் கோபம் உண்டு.

நம் மலேசியாவில் ரிட்டெய்னருக்கு ஆபத்துகள் அதிகம். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது கழற்றி டிஷ்யூவில் சுற்றி வைப்போம். இலையோடு சேர்ந்து அதுவும் குப்பைக்குப் போய்விடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் பிளாஸ்டிக் கோணிப்போகும். வெந்நீரில் கழுவினாலும் அதே கதி. பெட்டியில் வையுங்கள், பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். கழற்றும் ரிட்டெய்னருக்குப் பதில் பல்லுக்குப் பின்னால் கம்பி ஒட்டியிருப்பவர்கள், அது ஒரு முனையில் விட்டிருக்கிறதா என்று அவ்வப்போது டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் அழகுப் பிரச்சினை என்று தள்ளிவிடாதீர்கள். நாற்பது வயதுக்கு மேல், மேல் முன்பற்கள் விலகி நடுவே சந்து விழுந்தால், முதலில் ஈறைச் சோதிக்க வேண்டும். ஈறு நோயால் எலும்பு கரைந்தாலும் பல் நகரும். நீரிழிவு இருந்தால் ஈறு நோய் இன்னும் கடுமையாகும். மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு எவ்வளவு அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். ஈறைக் கவனிக்காமல் அங்கே கம்பி போட்டால், இருக்கும் பல்லும் ஆடிவிடும்.

பல் நகர்ந்துவிட்டால் என்ன வழி? பழைய ரிட்டெய்னர் உட்காரவில்லை என்றால் அழுத்தித் திணிக்காதீர்கள். நகர்வு கொஞ்சம்தான் என்றால், இப்போதைய நிலையிலேயே நிறுத்தப் புது ரிட்டெய்னர் போதும். அதிகம் என்றால், கழற்றி மாட்டும் அலைனரோ கம்பியோ மறுபடி போட வேண்டிவரும். முதல் தடவையைவிடக் காலம் பெரும்பாலும் குறைவுதான்.

இந்த இடத்தில்தான் ஃபேஷன் பிரேசஸ் நுழைகிறது. பல் டாக்டர் அல்லாதவர்கள் சில நூறு வெள்ளிக்கு ஹோட்டல் அறையிலும் அழகு நிலையத்திலும் ஒட்டிவிடுகிறார்கள். 2017-இல் மலாக்காவில், யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு கம்பி போட்ட 20 வயதுப் பெண்ணுக்கு 70,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. கட்ட முடியாமல் சிறைக்குப் போனார். பொதுமக்கள் பணம் திரட்டி அவரை வெளியே கொண்டுவந்தார்கள். அந்த இரக்கத்தைக் குறை சொல்லவில்லை. அவரிடம் வாயைத் திறந்தவர்களைப் பற்றி யாரும் அவ்வளவு பேசவில்லையே என்பதுதான் என் வருத்தம். தவறாக இழுத்தால் வேர் கரையும், பல்லே போகும்.

இப்படிப்பட்டவர்களைத் தடுக்கச் சட்டம் உண்டு: பல் மருத்துவச் சட்டம் 2018, 2022 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. பதிவு பெற்ற டாக்டர்களின் பெயர்ப் பட்டியலை மலேசியப் பல் மருத்துவ மன்றம் இணையத்தில் வைத்திருக்கிறது. கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ எந்த நாற்காலியில் உட்காரும் முன்பும், டாக்டரின் பெயரைக் கேட்டு அந்தப் பட்டியலில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.