புள்ளிக்கு ஓர் ஆசனம்

நல்லூர்க் கந்தனின் 25 நாள் திருவிழா இலண்டன் பாடசாலைகளின் கோடை விடுமுறையை ஒட்டியே வருகின்றது. பேரப்பிள்ளைகளுக்காக யாழ்ப்பாணத்திலே காத்திருப்போர் பலர். மைல் புள்ளிகள் கைவசமிருந்தும் பயணம் கைகூடாமற் போவதுண்டு. புள்ளிக்கென ஒதுக்கப்படும் ஆசனங்கள் சிலவே.

இலண்டனிலிருந்து கட்டுநாயக்காவுக்கு நேரே பறக்கும் ஸ்ரீலங்கன் விமான சேவை 2014இல் ஒன்வேர்ல்ட் கூட்டணியிற் சேர்ந்தது. ஆதலால் பிரிட்டிஷ் எயர்வேஸ் புள்ளிகளாலும் அதன் ஆசனத்தைப் பெறலாம். தேடு கருவியைத் தேர்வோர் இரண்டு வினாக்களை எழுப்புதல் வேண்டும். இச்சேவையின் ஆசனங்களை அது காட்டுமா? காட்டும் விவரம் எப்பொழுது திரட்டப்பட்டது? காலையிற் கண்ட ஆசனம் மாலையில் இல்லாதிருக்கலாம். ஆகவே, கருவியால் நாளை அறிந்து, விமான நிறுவனத்தின் தளத்தில் உறுதிசெய்த பின்னரே வங்கிப் புள்ளிகளை மாற்றுதல் நன்று. மாற்றியவை பெரும்பாலும் மீளா. அம்மம்மாவுக்கு வருந் திகதியை அறிவிப்பதும் அதன் பின்னரே தகும்.