பேதுருவுக்கு நீச்சல் தெரியும்

வானொலி மறையுரை: ஆண்டின் பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு
நற்செய்தி: மத்தேயு 14:22-33



இன்றைய நற்செய்தியில் பேதுரு தண்ணீரில் மூழ்கத் தொடங்குகிறார். நாம் பலமுறை கேட்ட பகுதிதான். ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்பதில்லை. பேதுருவுக்கு நீச்சல் தெரியாதா?

யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். உயிர்த்த ஆண்டவர் கரையில் நிற்கிறார் என்று தெரிந்ததும், பேதுரு ஆடையைக் கட்டிக்கொண்டு கடலில் குதித்துவிடுகிறார். கரை ஏறக்குறைய 200 முழத் தொலைவில் இருந்தது. அதாவது, சுமார் 90 மீட்டர். கலிலேயக் கடல், திபேரியக் கடல் என்று பெயர் மாறினாலும் இரண்டும் ஒரே ஏரிதான். நாலா பக்கமும் மேடு சூழ்ந்து, கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கும் ஏரி அது. அதனால் அங்கே காற்று திடீரென்று இறங்கி அடிக்கும். அந்த ஏரியில் வலை வீசிப் பிழைத்தவர் பேதுரு. தண்ணீர் அவருக்குப் புதிதல்ல. காற்றும் புதிதல்ல.

பிறகு ஏன் மூழ்கினார்? மத்தேயு வரிசையாகச் சொல்கிறார். பேதுரு காற்றைக் கண்டார், அஞ்சினார், அதன்பிறகே மூழ்கத் தொடங்கினார். அச்சம் முந்தியது, மூழ்குவது பிந்தியது.

கடலோரத்தில் வாழும் உங்களுக்கு இது தெரியும். தண்ணீரில் விழுந்தவர் பதறினால் என்ன செய்கிறார்? கைகளை மேலே தூக்கி அடிக்கிறார், நேராக நிமிர்ந்து ஏறப் பார்க்கிறார். தூக்கிய கையின் பாரமே தலையைக் கீழே அழுத்துகிறது. மூச்சு இரைக்கிறது, தண்ணீர் உள்ளே போகிறது. சற்று நேரத்தில் கூப்பிடக்கூட முடியாமல் சத்தமில்லாமல் மூழ்கிவிடுகிறார். அதே மனிதர் தலையைப் பின்னால் சாய்த்து, காது தண்ணீரில் நனைய, முகம் வானத்தைப் பார்க்க, கைகளை விரித்து மல்லாந்து கிடந்தால்? நுரையீரலில் உள்ள காற்று அவரைத் தாங்குகிறது. உப்புநீர் இன்னும் நன்றாகத் தாங்கும். கைகால்களை மெதுவாக அசைத்தாலே போதும். முதலில் மூச்சைச் சீராக்க வேண்டும், நீந்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீரோட்டம் ஆழத்துக்கு இழுத்தால் எதிர்த்துப் போராடக் கூடாது. மிதந்தபடியே போய், இழுவை குறைந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகி, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும்.

நம்பிக்கையும் இப்படித்தான், சகோதர சகோதரிகளே. கைகட்டிச் சும்மா இருப்பது நம்பிக்கை ஆகாது. மல்லாந்து மிதப்பவர் சும்மா இருப்பதுபோலத் தெரியும். ஆனால் தன்னைத் தாங்குவதின்மேல் தன் பாரத்தை வைத்துவிட்டு, அடுத்த மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்.

திருத்தூதர் பவுலைப் பாருங்கள். மூன்று முறை தம் கப்பல் சிதைந்ததாகவும், ஓர் இரவும் பகலும் ஆழ்கடலில் கிடந்ததாகவும் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் அவரே சொல்கிறார். அதற்குப் பிறகும் அவர் கப்பல் ஏறுகிறார். திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தில் அந்தப் பயணம் வருகிறது. கப்பலில் 276 பேர். பதினான்கு நாள் புயல். யாரும் சாப்பிடவில்லை. பவுல் என்ன செய்தார்? அப்பத்தை எடுத்து, கடவுளுக்கு நன்றி கூறி, பிட்டு உண்டார். மற்றவர்களும் தெம்படைந்து உண்டார்கள். ஒருவருடைய அமைதி 276 பேருக்கு மூச்சு கொடுத்தது. கப்பல் உடைந்தபோது நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதித்தார்கள், மற்றவர்கள் பலகைகளையும் உடைந்த துண்டுகளையும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை. கப்பல்தான் போனது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, கவிழ்ந்த படகைப் பிடித்து மிதந்து சிலர் கரை வந்தார்கள். பலர் வரவில்லை. வராதவர்கள் நம்பிக்கை குறைந்தவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்களுடைய மனைவி, பிள்ளைகள், பெற்றோர் முன் அப்படிப் பேசுவது பாவம். கரைக்கு வந்தவரும் ஆண்டவரின் கையில்தான், வராதவரும் அவர் கையில்தான்.

மூழ்கும்போது பேதுரு செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு. அவர் கூப்பிட்டார். "நான் மீனவன், எனக்குத் தெரியாத கடலா?" என்று வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. மற்றச் சீடர்கள் படகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தும் வெட்கப்படவில்லை. இயேசு உடனே கையை நீட்டிப் பிடித்தார். நம்பிக்கை ஏன் குறைந்தது என்று கேட்டது, பிடித்த பிறகுதான்.

நம் பங்கில் தரையிலேயே மூழ்கிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். வட்டிக்கடன், குடி, ஊருக்குச் சொல்ல முடியாத நோய், பிள்ளையின் தோல்வி. கௌரவம் பார்த்துச் சத்தமில்லாமல் மூழ்காதீர்கள். கூப்பிடுங்கள். கேட்கிறவர்கள் முதலில் கை கொடுங்கள், அறிவுரையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். தண்ணீரில் தத்தளிப்பவரைக் காப்பாற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. பதறிக் குதித்தால் அவர் நம்மையும் அமுக்கிவிடுவார். கயிறோ, மூடிய காலி கேனோ, எது கிடைக்கிறதோ அதை வீசுங்கள்.

இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளைகளுக்கு மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொடுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள். 2004 சுனாமியில் நாகப்பட்டினத்தில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். தொழிலுக்குப் போகும் தம்பிமார் லைஃப் ஜாக்கெட்டைப் படகில் மடித்து வைக்காமல் உடம்பில் போடுங்கள். கடவுள் தந்த உயிரைக் காப்பதும் செபம்தான்.

ஆண்டவரே, காற்று அடிக்கும்போது உம்மைப் பார்க்கும் கண்ணையும், மூழ்கும்போது உம்மைக் கூப்பிடும் குரலையும், பிறர் கூப்பிடும்போது நீட்டும் கையையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.