தொட்டுப் பார்க்கும் மருத்துவம்

மட்டக்களப்பு வாவி என்றதும் பாடும் மீனை நினைப்போர் பலர். அந்த வாவியின் நடுவே மாந்தீவு என்றொரு தீவு உண்டு. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தொழுநோயாளருக்கென அங்கே ஒரு வைத்தியசாலை அமைக்கப்பட்டது. நகரிலிருந்து தோணியில் எளிதிற் சென்றடையும் தூரமே. எனினும் அங்கு அனுப்பப்பட்ட பலருக்கு அது திரும்பி வர இயலாத தூரமாயிற்று.

நோயாளரை ஊரினின்று பிரித்து வைத்தல் இலங்கையில் நெடுநாளைய வழக்கம். கொழும்பை அடுத்த ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இலேயே தொழுநோய் வைத்தியசாலை கண்டனர். 1901ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் நோயாளரைத் தடுத்து வைக்கவும் இடந்தந்தது. அன்று மருந்து இல்லை. ஆகவே பிரிவே மருந்தெனக் கருதப்பட்டது. நோர்வே நாட்டு மருத்துவர் ஹன்சன் 1873இல் நோய்க்கிருமியைக் கண்டார். ஆயினும் பயன்தரும் மருந்து வருவதற்கு 1940கள் வரை உலகம் காத்திருக்க நேர்ந்தது. பின்னர், ஒரே மருந்தைக் கிருமி எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டமையால், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் விதந்துரைத்தது. 1983இல் அம்முறை இலங்கைக்கும் வந்தது. நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மருந்து உண்டால் நோய் குணமாகும். மருந்துக்குப் பணமும் இல்லை.

அங்ஙனமாயின் இன்று இதைப் பற்றிப் பேசுவானேன் என நீங்கள் வினவலாம். என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1990களில் படுவான்கரையிலுள்ள ஒரு பாடசாலையில் நான் இளம் ஆசிரியனாயிருந்தேன். ஒரு மாணவனின் முழங்கைக்கு மேலே வெளிறிய படை ஒன்று இருந்தது. மற்றப் பிள்ளைகளின் நன்மை கருதுவதாக எண்ணி, அவனைப் பின்வரிசையில் தனி வாங்கில் இருக்கச் சொன்னேன். மறுவாரம் அவன் நீண்ட கைச்சட்டை அணிந்து வந்தான். அதன்பின் வரவேயில்லை. போர்க்காலம், வாவியைக் கடந்து நகருக்குச் செல்வதே பெரும்பாடு. தாயார் பரிசாரியாரிடம் எண்ணெய் வாங்கிப் பூசினாராம். சில ஆண்டுகளின்பின் துறையடியில் அவனைக் கண்டேன். வலக்கையின் இரு விரல்கள் மடங்கியிருந்தன. “சேர், இப்ப மருந்து எடுத்துச் சுகம்” என்றான். சுகந்தான், ஆனால் அந்த விரல்கள் நிமிரவில்லை. அவன் நோய்க்கு நான் காரணனல்லன்; மருந்தை நோக்கிச் செல்லும் வழியில் குறுக்கே நின்றவன் நான். அன்று தனி வாங்கைக் காட்டிய கையாலேயே வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம்.

கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பயிலும் போதனா வைத்தியசாலை இன்று மட்டக்களப்பு நகரில் உள்ளது. தோல் நோய் மருத்துவரின் வேலையைச் சற்று நோக்குங்கள். படையின்மீது பஞ்சு நுனியால் மெல்லத் தொடுகிறார்; “தெரிகிறதா?” என்று கேட்கிறார். உணர்ச்சியில்லையெனில் தொழுநோயை ஐயுறுகிறார். முழங்கையின் உட்புறத்து நரம்பைத் தடவி, அது தடித்துள்ளதா எனப் பார்க்கிறார். தேவையாயின் காதுமடலிலிருந்து சிறிது திசுநீர் எடுத்து நுணுக்குக்காட்டியில் ஆராய்விக்கிறார். ஊரார் தொட அஞ்சிய உடலை முதலில் தொட்டுப் பார்ப்பதே இம்மருத்துவத்தின் தொடக்கம்.

தோலிற் காணும் மாற்றமெல்லாம் தொழுநோயன்று. தேமலும் படர்தாமரையும் பூஞ்சணத்தால் வருவன. பால்போல் வெளுக்கும் வெண்புள்ளியை “வெண்குட்டம்” எனப் பெயரிட்டு நம்மவர் வீணே அஞ்சுவர். அது தொற்றுவதேயில்லை, அங்கே உணர்ச்சியும் கெடுவதில்லை. தொழுநோய்ப் படையோ பெரும்பாலும் அரிப்பதுமில்லை, வலிப்பதுமில்லை. வலியாமையே அதன் வஞ்சகம். சூடு தெரியாத விரல் அடுப்பிற் சுடும். முள் தெரியாத பாதம் வயலிற் புண்ணாகும். மருந்து கிருமியைக் கொல்லும். இழந்த உணர்ச்சியையும் மடங்கிய விரலையும் எல்லா வேளையும் மீட்டுத்தராது. ஆதலின் காலமே இங்கு பாதி மருந்து.

1995இல், நாடு முழுவதையும் எடுத்து நோக்கின், பதினாயிரவருக்கு ஒருவரினும் குறைவு என்ற நிலையை இலங்கை எட்டியது. ஆயினும் புதிய நோயாளர் ஆண்டுதோறும் காணப்படுகின்றனர். அவர்களிற் சிறுவரும் உளர். கிருமி உடலிற் புகுந்து நோய் வெளிப்படச் சராசரி ஐந்து ஆண்டுகள், சிலருக்கு இருபது ஆண்டுகளும் ஆகும். எனவே ஒரு பிள்ளைக்கு நோய் கண்டால், வீட்டில் மற்றொருவரிடம் அது மறைந்திருக்கலாம். வீட்டார் அனைவரும் பரிசோதனைக்குச் செல்லுதல் வேண்டும். மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை நீங்கிவிடுவதால், பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்த வேண்டியதில்லை.

பெற்றோரே, பிள்ளையைக் குளிப்பாட்டும்போது முதுகையும் பாருங்கள். ஆசிரிய நண்பர்களே, படையுள்ள பிள்ளைக்குத் தனி வாங்கு தேடாதீர்கள். அதன் பெற்றோரைத் தனியே அழைத்து, வைத்தியசாலைக்குச் செல்லும் வழியைச் சொல்லுங்கள். இப்போது நான் அதிபராயிருக்கும் பாடசாலையில் அப்படித்தான் செய்கிறோம். சென்ற பிள்ளைகளிற் பெரும்பாலோர் தேமலுக்குப் பூசுமருந்து வாங்கிக்கொண்டு சிரித்தபடி திரும்பினர். ஒரு சிறுமி மட்டும் ஆறு மாதம் மருந்து உண்டாள். அவள் இருந்த வாங்கு மாறவில்லை. அவளருகே இருந்த தோழியும் மாறவில்லை.