வகுப்பறைக்குள் பொலிஸ் எதற்கு?



"குழப்படி பண்ற பையன்களப் பொலிசுல புடிச்சுக் குடுங்க சேர்" என்று பெற்றோர் கூட்டத்தில் சிலர் சொல்கிறீர்கள்.

2015 ஒக்டோபரில் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஒரு மாணவி வகுப்பில் கைத்தொலைபேசியை எடுத்தாள். வெளியே போகச் சொல்லியும் எழும்பவில்லை. பாடசாலைப் பொலிஸ்காரர் வந்து, கதிரையோடு அவளைக் கவிழ்த்துத் தரையில் இழுத்தெறிந்தார். தட்டிக்கேட்ட இன்னொரு மாணவியும் கைதானாள். இரண்டே நாளில் அவருக்கு வேலை போனது. பிள்ளைகள் மீதான வழக்கோ அடுத்த வருடம்தான் கைவிடப்பட்டது.

அவரைக் கூப்பிட்டது பாடசாலைதான். ஆசிரியனான எனக்கு அதுதான் உறைக்கிறது.

இங்கே அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை கொடூரமான, இழிவான நடத்துகையைத் தடை செய்கிறது. பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். குழப்படி என்றால் முதலில் என்னிடம் வாருங்கள். கொழுந்து நிறுத்துவிட்டு அந்தியில் வந்தாலும் பரவாயில்லை. பொலிஸ் பிள்ளையைக் கூட்டிப்போனால் அன்றைக்கே தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள்.